பழைய பேஸ் கிற்றார்: நாமே திருத்துவதா, பாகம் மாற்றுவதா, கொழும்புக்கு அனுப்புவதா?

கல்முனையில் ஓர் ஆசிரியர், அவருடைய அப்பா வாசித்த பேஸ் கிற்றாரை அலுமாரிக்கு மேலிருந்து இறக்கியிருக்கிறார். 1970களில் ஜப்பானில் செய்தது. தலையில் இருந்த பெயர் பாதி அழிந்துவிட்டது. புதுக் கம்பி போட்டால் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில், அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளில் பன்னிரண்டாவதில், கம்பி அரை விரல் உயரத்தில் நிற்கிறது. வோலியூமைத் திருகினால் தகரக் கூரையில் மழை விழுகிற சத்தம். மட்டக்களப்பு கல்லடியில் தேவாலயப் பாடகர் குழுவில் வாசிக்கிற தம்பி ஒருவருக்கு வேறு பிரச்சினை. அவருடையது அதே காலத்து அமெரிக்க ஃபென்டர் கம்பனியின் ஜாஸ் பேஸ், வெளிநாட்டிலிருந்து வந்த பெரியப்பா விட்டுப் போனது. கழுத்து பரவாயில்லை, ஆனால் ஆம்பில் செருகினால் இரைகிறது.

இரண்டு பேரும் கேட்டது ஒரே கேள்வி: நாமே கை வைக்கலாமா, புதுப் பாகம் வாங்கிப் போடலாமா, கொழும்பில் யாரிடமாவது கொடுக்கலாமா? என் பதில் இருவருக்கும் ஒன்றல்ல. ஏன் என்பதைத்தான் எழுதுகிறேன். நான் கிற்றார் செய்கிறவன் இல்லை. திருவிழா மேடையிலும் கலியாண வீட்டிலும் பேஸ் வாசிக்கிறவன். மாமாவின் கிற்றாரைக் கெடுத்துக் கெடுத்துப் பழகியவன்.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதலாவது, செய்த வேலையைத் திரும்பப் பழையபடி ஆக்க முடியுமா? கழுத்தின் வளைவைச் சரிசெய்கிற நட்டைக் கால் சுற்றுத் திருகினால் நாளைக்குத் திருப்பித் திருகலாம். மரத்தில் உளி வைத்தால் முடியாது. மற்ற எல்லாவற்றையும் விட இதற்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன்.

இரண்டாவது, முழுச் செலவு. பாகத்தின் விலை அதில் ஒரு துண்டுதான். கொழும்புக்குப் போக ஓர் இரவு, வர ஓர் இரவு, பஸ்ஸின் அடிப்பெட்டியில் வெங்காய மூட்டையோடு கிற்றாரைப் போடாமல் இருக்க ஒரு கெட்டிப் பெட்டி, வெளிநாட்டுச் சாமான் என்றால் தபாலும் சுங்கமும். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியதைப் பார்த்தவர்களுக்கு நான் மேலே சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது, பழசு என்பதற்கே ஒரு விலை இருக்கிறதா? 70களின் அசல் ஃபென்டருக்கு இருக்கிறது. உள்ளே இருக்கிற வோலியூம் கொன்ரோலின் முதுகில்கூட அதன் சாதகம் அச்சடித்திருக்கும்: 137 என்று தொடங்கினால் சிடிஎஸ் கம்பனி செய்தது, அடுத்த எண்கள் வருடமும் கிழமையும். 1377412 என்றால் 1974ஆம் ஆண்டு 12ஆம் கிழமை. அந்தத் துண்டைக் கழற்றிக் குப்பையில் போட்டால் கிற்றாரின் விலையிலும் ஒரு துண்டு குப்பைக்குப் போகும். ஜப்பான் நகல் கிற்றார்களில் சில நல்ல விலைக்குப் போவது உண்மை. பெரும்பாலானவற்றின் மதிப்பு வாசிப்பதில்தான் இருக்கிறது. "வழக்குக் காலத்துக் கிற்றார்" என்று சொல்லி விலை ஏற்றுகிறவர்களிடம் கொஞ்சம் கவனம். 1977இல் நடந்த வழக்கு, அமெரிக்கக் கிற்றார்க் கம்பனி கிப்சனின் தாய்க் கம்பனி, ஜப்பான் ஐபனெஸ் கிற்றார்களின் விநியோகஸ்தர்மேல் தலையின் வடிவத்துக்காகப் போட்டது. ஃபென்டர் நகல் பேஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நான்காவது, எத்தனை நாள் கிற்றார் இல்லாமல் இருக்கலாம். நத்தாருக்கு முன் தேவாலயக்காரருக்கும் ஆடித் திருவிழாக்களுக்கு முன் மேடைக்காரருக்கும் இதுவே முதலாவது.

கடைசியாக நம்முடைய காற்று. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. ஐப்பசி தொடங்கி மூன்று நான்கு மாதம் மழையில் எல்லாம் ஊறும். பிறகு ஆனி, ஆடியில் கச்சான் காற்று வந்து அதே மரத்தைக் காயவைக்கும். கச்சான் காலத்தில் பழைய கழுத்தை மேலும் கீழும் தடவிப் பாருங்கள், ஃப்ரெட் முனைகள் கையைக் கீறும். ஃப்ரெட் வளரவில்லை, பலகை சுருங்கியிருக்கிறது. இங்கே ஒரு தடவை சரிசெய்தால் காலத்துக்கும் இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

## காசு செலவழிக்க முன் ஒரு மாலை

எந்த வழியைத் தெரிந்தாலும் இந்த ஒரு மாலை வேலையைத் தவிர்க்க முடியாது. வேண்டியது ஒரு விசிட்டிங் கார்ட், சாதாரண மல்ரி மீற்றர், ஸ்க்ரூ ட்ரைவர்.

கிற்றாரை ரியூன் பண்ணுங்கள். ஒரு கம்பியை முதல் ஃப்ரெட்டில் இடது கையாலும், கழுத்து உடலோடு சேருகிற இடத்து ஃப்ரெட்டில் வலது கையாலும் அழுத்துங்கள். இழுபட்ட கம்பியே இப்போது அடிமட்டம். ஏழாம் எட்டாம் ஃப்ரெட் அருகே கம்பிக்கு அடியில் ஒரு கார்ட், அதாவது 0.3 மில்லிமீற்றர் அளவு, மட்டுமட்டாக நுழைந்தால் கழுத்தில் குற்றமில்லை. உயரம் பிரிட்ஜில், அதாவது உடலில் கம்பி உட்காரும் துண்டில், குறைக்க வேண்டிய விஷயம். மூன்று கார்ட் நுழைந்தால் முன்வளைவு. ஒன்றுமே நுழையாமல் கம்பி ஃப்ரெட்டோடு ஒட்டிக் கிடந்தால் பின்வளைவாக இருக்கலாம். ஈ கம்பிப் பக்கம் ஓர் அளவு, ஜீ கம்பிப் பக்கம் வேறு அளவு என்றால் கழுத்து முறுகியிருக்கிறது. கெட்ட செய்தி அதுதான். நடுவே எல்லாம் நேராக இருந்து, உடலோடு சேரும் இடத்தில் கடைசி நாலைந்து ஃப்ரெட் மட்டும் மேலே எழும்பியிருந்தால், வளைவைச் சரிசெய்யக் கழுத்துக்குள் இருக்கிற ட்ரஸ் றொட் அதற்கும் உதவாது.

ஜீ கம்பியில் ஐந்தாம், ஆறாம், ஏழாம் ஃப்ரெட் அருகே ஒரு சுரம் மட்டும் சட்டென்று செத்துப்போகிறதா? ஆணி போட்டுப் பூட்டிய கழுத்துள்ள பேஸ்களில் இது பிறவிக் குணம், பழுது அல்ல. அதற்காகக் கழுத்து மாற்றியவர்களை எனக்குத் தெரியும். புதுக் கழுத்திலும் வந்தது.

மின் பக்கத்துக்கு, ஆம்பில் செருகி நாலு கேள்வி. திருகும்போது மட்டும் கரகரக்கிறதா? கொன்ரோலுக்குள் அழுக்கு. வயரை ஆட்டும்போது சத்தம் போய் வருகிறதா? ஜாக்கின் நாக்கு தளர்ந்திருக்கிறது. எப்போதும் இரைந்து, கம்பியைக் கையால் தொட்டதும் குறைகிறதா? பிரிட்ஜுக்குப் போகும் எர்த் வயர் உயிரோடு இருக்கிறது, உள்ளே இரைச்சலைத் தடுக்கிற உலோகக் கவசம்தான் போதாது. தொட்டால் இரைச்சல் கூடுகிறதா, அல்லது தொட்டாலும் விட்டாலும் ஒன்றா? பிரிட்ஜுக்கு அடியில் போகும் அந்த வயர் அறுந்திருக்க வேண்டும்.

சத்தமே இல்லையென்றால், கிற்றார் வயரைச் செருகி, மறுமுனையில் நுனிக்கும் தண்டுக்கும் மீற்றரை வையுங்கள். வோலியூம் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். ஜாஸ் பேஸ் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்னாக்கும் காந்தச் சுருள்) ஒன்று 7 அல்லது 8 ஆயிரம் ஓம் காட்டும், ஃபென்டரின் மற்ற வகையான பிரிசிஷன் பேஸ் 10, 11 ஆயிரம். ஜாஸில் இரண்டு வோலியூமும் திறந்திருந்தால் பாதிதான் காட்டும், பயப்பட வேண்டாம். ஒன்றுமே காட்டாவிட்டால் எங்கோ தொடர்பு அறுந்திருக்கிறது, பெரும்பாலும் ஈயம் விட்டுப்போன இடத்தில்.

இன்னொன்றும் செய்யுங்கள்: அதே கிற்றாரை வேறொரு வீட்டில், வேறு ஆம்பில் செருகிப் பாருங்கள். நம் கரண்டின் இரைச்சல் 50 ஹேர்ட்ஸ். ஈ கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டில் வருகிற ஜீ 49 ஹேர்ட்ஸ். பாட்டு ஜீ சுருதியில் வந்தால் இரைச்சலும் கூடச் சேர்ந்து பாடும். மட்டக்களப்பில் மீன் பாடலாம், ஆம்ப் பாடக் கூடாது. பல வீடுகளில் மூன்று துளைப் பிளக் பேஸில் மேல் துளைக்குள் பேனையை விட்டுத் திறந்து, இரண்டு முனைப் பிளக்கைச் செருகி வைத்திருக்கிறோம். அப்படிச் செருகிய ஆம்பில் எர்த் இல்லை. இரைச்சலுக்குக் கிற்றாரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? கம்பியைப் பிடித்துக்கொண்டு மைக்கில் உதடு பட்டதும் சுள்ளென்று அடித்தால் அந்த மேடையில் வாசிக்காதீர்கள். எர்த்தைச் சரிசெய்த பிறகு வாசியுங்கள்.

## கழுத்து: நாலு வழி

### நாமே சரிசெய்வது

செலவு ஏறக்குறைய இல்லை. திரும்பப் பழையபடி ஆக்கலாம். முன்வளைவுக்கு, மிதமான பின்வளைவுக்கு, முதலில் இதுதான்.

பேஸின் நாலு கம்பியும் சேர்ந்து கழுத்தை 80 கிலோ அளவில் இழுக்கின்றன. ஒரு ஆள் தலையில் தொங்குகிற மாதிரி. அந்த இழுவைக்கு எதிராக உள்ளே நிற்பது ட்ரஸ் றொட் என்கிற இரும்புக் கம்பி. நட்டை நேராகப் பார்த்துக்கொண்டு வலமாகத் திருகினால் இறுகும், முன்வளைவு குறையும். இடமாகத் திருகினால் தளரும்.

பழைய பேஸில் ஒரு தொல்லை உண்டு. 70களின் ஃபென்டரிலும் அதைப் பார்த்துச் செய்த நகல்களிலும் பெரும்பாலும் இந்த நட் கழுத்தின் அடியில், உடலுக்குள் ஒளிந்திருக்கும். கம்பியைத் தளர்த்தி, கழுத்தைக் கழற்றி, கால் சுற்றுத் திருகி, திரும்பப் பூட்டி, ரியூன் பண்ணி, ஓர் இரவு விட்டு, மறுநாள் கார்டை நுழைத்துப் பார்க்க வேண்டும். போதாவிட்டால் மறுபடியும். மூன்று மாலை போய்விடும். அவசரப்பட்டு ஒரே நாளில் ஒரு முழுச் சுற்றுத் திருகியவர்கள்தான் றொட்டை முறிக்கிறார்கள்.

கடற்காற்றில் கழுத்து ஆணிகள் துருவேறி மரத்தோடு ஒன்றாகியிருக்கும். வேகமாகத் திருகினால் தலை மழுங்கும். ஈயம் வைக்கிற அயனை நன்றாகச் சூடாக்கி ஆணித் தலையில் ஒரு நிமிடம் வைத்துவிட்டு, ஆறிய பிறகு திருகுங்கள், இளகி வரும். திரும்பப் பூட்டும்போது ஆணியில் மெழுகுதிரியைத் தேயுங்கள்.

நட் கடைசிவரை போய்விட்டது, இன்னும் வளைவு இருக்கிறது என்றால் றொட் செத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். நட்டைக் கழற்றி அடியில் ஒரு சின்ன வாஷர் போட்டால் திருக மறுபடியும் இடம் கிடைக்கும். சைக்கிள் கடையில் கிடைக்கிற சாமான்.

கழுத்து நேராகியும் கம்பி உயரமாகவே இருக்கிறது, பிரிட்ஜிலும் இறக்க இடமில்லை என்றால் கோணம் பிழை. கழுத்து உட்காரும் குழியில், பிரிட்ஜ் பக்க ஓரத்தில் ஒரு மெல்லிய மரச்சீவல் வைத்துப் பூட்டினால் கம்பி இறங்கும். விசிட்டிங் கார்டும் வைக்கலாம், எங்கள் ஊர் ஈரத்தில் அது ஊறும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் 2 முதல் 2.5 மில்லிமீற்றர் வந்தால் எனக்குப் போதும்.

மறைந்த செலவு உங்கள் பொறுமை. இன்னொன்று கம்பி: 45-105 கனத்துக்குப் பதிலாக மெல்லிய 40-95 போட்டால் இழுவை குறையும், சில பழைய கழுத்துக்கு அதுவே பாதி வைத்தியம். தட்டைக் கம்பி பழைய பேஸில் அழகாகப் பேசும், ஆனால் பொதுவாக இழுவை அதிகம். கழுத்து நோயாளி என்றால் யோசித்துப் போடுங்கள்.

### ஊர்த் தச்சரிடம் கொடுப்பது

கழுத்துக் குழிக்குச் சீவல் செய்ய, உதிர்ந்த ஆணித் துளைக்குக் குச்சி அடித்து ஒட்ட, வெடித்த மரத்தைச் சேர்க்க நல்ல தச்சர் போதும். நம் ஊரில் கதவு நிலை செய்கிற கைகள் கிற்றார்க் கைகளைவிட மோசமில்லை. ஃப்ரெட் வேலைக்கு மட்டும் கொடுக்காதீர்கள். ஃப்ரெட்டை மட்டமாக்குவது ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்குக் கணக்கு; அவருடைய மட்டக்கோல் அதற்கானது அல்ல. "கொஞ்சம் சீவி விடுகிறேன்" என்ற வார்த்தை கேட்டால் கிற்றாரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.

### கொழும்புக்கு அனுப்புவது

முறுகல், எழும்பிய கடைசி ஃப்ரெட்டுகள், பள்ளம் விழுந்த ஃப்ரெட்டுகள், உண்மையிலேயே முறிந்த றொட். இந்த நாலுக்கும் கிற்றார் வேலையே தொழிலாகச் செய்கிறவர் வேண்டும். வளைந்த கழுத்தைச் சூடாக்கி, எதிர்ப்பக்கம் கிளாம்பில் இறுக்கி, பலகையின் பசை இளகி மறுபடி இறுகும்வரை வைப்பார்கள். சில கழுத்தில் நிற்கும். சிலது சில மாதத்தில் பழைய வளைவுக்கே மெல்லத் திரும்பும். இதை முன்கூட்டியே சொல்கிறவரிடம் கொடுங்கள். "நூற்றுக்கு நூறு" என்கிறவரிடம் வேண்டாம்.

இங்கே பலர் யோசிக்காத ஒன்று உண்டு. முழுக் கிற்றாரையும் அனுப்பத் தேவையில்லை. நாலு ஆணியைக் கழற்றினால் கழுத்து தனியே வந்துவிடும், ஒரு மீற்றருக்கும் குறைந்த நீளம். இரண்டு பலகைத் துண்டுக்கு நடுவே பழந்துணி சுற்றிக் கட்டினால் கூரியரில் போகும். புது ஃப்ரெட் அடிக்கவும் சூட்டு வேலைக்கும் கழுத்து மட்டும் போதும். கடைசிச் சீரமைப்பை வீட்டில் நாமே செய்யலாம். எப்படியும் செய்யத்தான் வேண்டும்: அங்கே மட்டமாக்கி வந்த கழுத்து இங்கே இரண்டு கிழமை நம் காற்றைக் குடித்த பிறகு மறுபடி கால் சுற்றுக் கேட்கும்.

அசல் ஃபென்டர் என்றால் பயணச் செலவைப் பார்க்காதீர்கள், நேரில் கொண்டு போங்கள்.

### புதுக் கழுத்து வாங்குவது

இதில் என் காசு போயிருக்கிறது, ஆகவே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

மாமாவின் ஜப்பான் பேஸில் நட் கடைசிவரை இறுகியும் வளைவு போகவில்லை. றொட் முடிந்தது என்று நானே தீர்ப்பு எழுதி, வெளிநாட்டிலிருந்து ஒரு கழுத்தை வரவழைத்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. 34 அங்குல அளவு, 20 ஃப்ரெட், எல்லாம் கணக்குப்படி. பூட்டப் போனால் குழிக்குள் இறங்கவில்லை. ஃபென்டர் அளவுக் கழுத்தின் அடி இரண்டரை அங்குலம், 63.5 மில்லிமீற்றர். மாமாவின் கிற்றாரில் குழி 62. ஒன்றரை மில்லிமீற்றர்தானே என்று குழியை உப்புத்தாளால் தேய்த்தேன். ஒரு பக்கம் கூடித் தேய்ந்தது. கழுத்து இறங்கியது, ஜீ கம்பி பலகையின் ஓரத்தில் விழுந்தது. புதுக் கழுத்தில் ஆணித் துளை இல்லை, பழைய உடலின் துளை வேறிடம். பிறகு நட்டு, அதாவது தலைப்பக்கம் கம்பி உட்காரும் வெள்ளைத் துண்டு, பள்ளம் வெட்டாமல் வந்திருந்தது. முறுக்காணித் துளைகள் பழைய முறுக்காணிகளுக்குப் பெரிது. கழுத்தின் விலையைவிட அதன் வாலில் வந்த செலவு கூட.

ஒரு வருடம் கழித்துப் பழைய கழுத்துக்கு வாஷர் போட்டுப் பார்த்தேன். அரைச் சுற்றில் நேராகியது. குழியில் நான் தேய்த்த பக்கத்துக்கு ஒரு சீவல் ஒட்டி அதையே திரும்பப் பூட்டியிருக்கிறேன்.

புதுக் கழுத்து எப்போது சரி? பழையது முறுகி, சூட்டு வேலையும் ஒருமுறை தோற்று, உடல் ஃபென்டர் அளவுக்கு ஒத்துப்போகிறது என்று நீங்களே வேர்னியரால் அளந்து பார்த்திருந்தால். அப்போதும் பழைய கழுத்தை எறிய வேண்டாம்.

## மின் பக்கம்: மூன்று வழி

இதில் முடிவெடுப்பது கழுத்தைவிட இலகு. பெரும்பாலான பழைய பேஸ்களில் முதல் வழியோடு வேலை முடிந்துவிடும்.

| | துப்புரவாக்கி ஈயம் வைத்தல் | கொன்ரோல், வயர் முழுவதும் மாற்றுதல் | பிக்கப் மாற்றுதல், பற்றரிச் சர்க்கியூட் போடுதல் |
|---|---|---|---|
| கைச்செலவு | மிகக் குறைவு | நடுத்தரம் | அதிகம், பெரும்பாலும் இறக்குமதி |
| மறைந்த செலவு | தவறான ஸ்பிரே வாங்கினால் கொன்ரோல் கெடும் | துளை பெரிதாக்கல், பிடி பொருந்தாமை | மரம் வெட்டுதல், 9 வோல்ட் பற்றரி |
| பழையபடி ஆகுமா | ஆம் | பழைய பாகத்தை வைத்திருந்தால் | வெட்டிய மரம் வராது |
| நேரம் | ஒரு மாலை | ஒன்றிரண்டு நாள் | சாமான் வரும்வரை |
| எப்போது நல்லது | கரகரப்பு, விட்டு விட்டு வரும் சத்தம், எர்த் அறுதல் | தடம் தேய்ந்த கொன்ரோல், யாரோ முன்பு குழப்பிய வயர் | பிக்கப் சுருள் செத்து, சுற்றித் தரவும் ஆளில்லாதபோது |

மாமாவின் கிற்றாரை முதலில் பார்த்தவர் நகரில் றேடியோ திருத்துகிற வயதான ஒருவர். பேஸ் கிற்றார் உள்ளே எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. மூடியைத் திறந்து அரை நிமிடம் பார்த்துவிட்டுச் சிரித்தார்: "மனே, இது றேடியோவ விட லேசு. ரெண்டு வோலியூம், ஒரு டோன், ஒரு கப்பாசிற்றர். இதுக்கா கொழும்புக்குப் போகப் போறாய்?" கொன்ரோலின் பக்கவாட்டுச் சந்துக்குள் கொன்ராக்ற் கிளீனரை ஒரு சொட்டுப்போல அடித்து, முப்பது தடவை இந்த அந்தம் அந்த அந்தம் திருகச் சொன்னார். பிறகு பிரிட்ஜின் ஆணிகளைக் கழற்றித் தூக்கினார். அடியில் செப்பு வயரின் நுனி பச்சைக் களிம்பாக உதிர்ந்து கிடந்தது. இரைச்சலின் மூலம் அதுதான். நுனியைச் சுரண்டி, புது வயர் ஒட்டி, மறுபடி பூட்டினார். தேத்தண்ணி ஆற முன் வேலை முடிந்தது.

டபிள்யூடி 40 என்கிற நீலத் தகரத்தை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். துருவுக்கு நல்லது, கொன்ரோலுக்குள் எண்ணெய்ப் படலம் விட்டு நாளடைவில் தூசியைப் பிடிக்கும். மின் தொடர்புக்கென்றே விற்கிற கிளீனர் வேறு.

இரண்டாவது வழியில் பலர் இடறுவது அளவில். ஜாஸ், பிரிசிஷன் வகைகளுக்கு 250 கிலோ ஓம் கொன்ரோல், டோனுக்கு 0.047 மைக்ரோ ஃபரட் கப்பாசிற்றர். றேடியோச் சாமான் கடையில் கேட்டால் பி வகையை எடுத்துத் தருவார்கள், அது சீரான ஏற்றம். வோலியூமுக்கு ஏ வகை கேளுங்கள். இல்லாவிட்டால் சத்தம் எல்லாம் திருகலின் ஒரு மூலையில் குவிந்துவிடும். ஜப்பான் கிற்றாரின் பிடிகள் 6 மில்லிமீற்றர்த் தண்டுக்கு, அமெரிக்கக் கொன்ரோலின் தண்டு 6.35. தகட்டின் துளையும் சிறிதாக இருக்கும். அமெரிக்கச் சாமான் போட்டால் துளையைப் பெரிதாக்க வேண்டி வரும், அசல் பிடிகள் லாச்சிக்குள் போகும். அதே வகைச் சிறிய கொன்ரோல் நம் கடைகளில் கிடைக்கும்போது ஏன்?

கவசத்துக்குச் செப்பு நாடா நல்லது, ஏனென்றால் அதில் ஈயம் பிடிக்கும். சமையலறை அலுமினியத் தாளும் வேலை செய்யும், ஆனால் ஈயம் ஒட்டாது. ஆணியால் இறுக்கித்தான் தொடர்பு கொடுக்க வேண்டும். ஜாஸ் பேஸ்காரர்கள் கவசம் ஒட்ட முன் இரண்டு வோலியூமையும் முழுக்கத் திறந்து கேட்டுப் பாருங்கள். இரு பிக்கப்பும் ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றியவை என்றால் இரைச்சல் தானே அடங்கும். 1957க்குப் பிந்திய பிரிசிஷனில் பிக்கப் இரண்டு துண்டாக இருப்பதும் இதே வேலையைச் செய்கிறது.

மூன்றாவது வழியை நான் மிக அரிதாகத்தான் சொல்வேன். பிக்கப் சுருளின் கம்பி 0.06 மில்லிமீற்றர் அளவு, உப்புக் காற்று அதைத் தின்னும் என்பது உண்மை. ஆனால் செத்தது என்று கொண்டுவந்த பிக்கப்புகளில் நான் பார்த்தவை பல, சுருளின் முனை வெளி வயரோடு சேரும் இடத்தில் அறுந்தவைதான். கண்ணாடி வைத்து ஈயம் வைத்தால் உயிர் வரும். உண்மையிலேயே சுருள் உள்ளே அறுந்திருந்தால், அசல் பிக்கப்பைத் தபாலில் அனுப்பித் திரும்பச் சுற்றலாம். உள்ளங்கை அளவுச் சாமான்தானே. பற்றரிச் சர்க்கியூட்டின் பளபளப்புச் சத்தம் வேண்டும் என்றால் காலடியில் வைக்கிற பிரிஆம்ப் பெட்டி ஒன்று வாங்குங்கள். பற்றரிக்காகப் பழைய உடலில் குழி தோண்டுவது எனக்கு ஒப்பாத வேலை. திருவிழாவில் இரண்டாம் பாட்டின் நடுவே பற்றரி இறங்கியதைப் பார்த்திருக்கிறேன், அந்த நேரம் கடை எதுவும் திறந்திருக்காது.

வெள்ளம் ஏறிய வீட்டுக் கிற்றார் தனிக் கணக்கு. ஆம்பில் செருக வேண்டாம். கம்பியைக் கழற்றி, கழுத்தைப் பிரித்து, நிழலில் கிழமைக்கணக்காகக் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் பலகை பசை விட்டுத் திறக்கும். மின் பக்கத்துக்கு இதில் நேரே இரண்டாவது வழிதான்.

## அப்படியென்றால் அந்த இருவருக்கும்

கல்லடித் தம்பிக்கு: கழுத்தைத் தொடாதீர்கள். மின் பக்கத்தில் துப்புரவு, பிரிட்ஜ் வயர், ஆம்பின் பிளக். இவ்வளவும் செய்து இரைச்சல் நின்றால் நின்றது. நிற்காவிட்டால் அசல் கொன்ரோல் ஒன்றையும் கழற்றாமல் கொழும்புக்கு நேரில் கொண்டு போங்கள். தம்பி முதலில் பிளக்கைத்தான் பார்த்தார். தேவாலய மேடையில் ஆம்பும் கீபோர்ட்டும் ஒரே நீட்டு வயரில், பேனை போட்ட பிளக் பேஸில் இருந்தன. அதை மாற்றியதும் பாதி இரைச்சல் போய்விட்டது. மிச்சத்துக்குக் களிம்பு தேடிக்கொண்டிருக்கிறார்.

ஆசிரியருக்கு: எல்லாமே வீட்டில். விற்கிற எண்ணமும் இல்லை, அவசரமும் இல்லை, அப்பாவின் கை பட்ட கிற்றார். வாஷர் போட்டு, இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு கால் சுற்று. போன கிழமை மூன்று கார்ட் போன இடத்தில் இப்போது ஒன்றரை கார்ட் போகிறதாம். மார்கழி மழை முடியட்டும், கச்சான் வீசத் தொடங்கி மரம் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டுக் கடைசி உயரத்தை வைப்போம், அதுவரை பிரிட்ஜின் சின்ன ஆணிகளைத் தொட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். தொடுவார்.